பால் பைத்தானும் ஒரு கொய்யாக் கொப்பும்

ஈப்போவில் பால் பைத்தான் வளர்க்கிறவர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கொப்பில் வந்து நிற்கும். "அது வளையில் கிடக்கிற பாம்பு. அதுக்குக் கிளையும் கொப்பும் எதுக்கு? கடைக்காரன் காசு பார்க்கிற வேலை" என்று ஒரு கட்சி. தொட்டி நிறையக் கிளைகளை மாட்டி, பிளாஸ்டிக் கொடிகளைத் தொங்கவிட்டு, படம் பிடித்துப் போடுகிற இன்னொரு கட்சி. புதிதாகப் பாம்பு வாங்குகிற பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள்: "அக்கா, கொப்பு வைக்கணுமா, வேணாமா?"

வைக்க வேண்டும். பால் பைத்தான் ஏறும். சில பாம்புகள் இரவெல்லாம் ஏறி இறங்கும். ஆனால் அது மரத்திலேயே குடியிருக்கிற பாம்பும் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் தொட்டி ஒழுங்காக அமையும். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதால்தான் இத்தனை சண்டையும்.

பாம்பு வளர்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மலைப்பாம்பு. செனகலில் தொடங்கி, கானா, டோகோ, பெனின், நைஜீரியா வழியாகக் கிழக்கே உகாண்டா வரைக்கும் அதற்கு நாடு. மிரண்டால் தலையை நடுவில் புதைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும், அதனால் ஆங்கிலத்தில் 'பால்' (பந்து) என்ற அந்தப் பெயர். 1802இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் அதற்கு போவா ரீஜியா என்று அறிவியல் பெயர் வைத்தார், அதுதான் இன்று பைத்தான் ரீஜியஸ். பெண் பாம்பு நாலு, ஐந்து அடி வளரும். ஆண் மூன்று, மூன்றரை அடியோடு நின்றுவிடும். நம் தோட்டத்துக் கோழிக்கூண்டில் புகுந்து கோழியை விழுங்குகிற சாவா மலைப்பாம்பைப் பார்த்து வளர்ந்தவர்களிடம், இது மலைப்பாம்பு என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

சரி, இந்தப் பாம்பு வளையில்தான் இருக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதில் உண்மை இல்லாமல் இல்லை. சவானாப் புல்வெளியில் பகல் வெயிலுக்கு எலி தோண்டிய வளையிலும் கறையான் புற்றிலும் அது போய்ப் படுத்துக்கொள்ளும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் பழமொழியாகச் சொல்வதை அங்கே இந்தப் பாம்பு வரிக்கு வரி செய்துகொண்டிருக்கிறது. முட்டையிட்ட தாய் அந்த வளைக்குள்ளேயே முட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் கிடக்கும்.

ஆனால் யார் அதை அங்கே பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். உலகச் சந்தைக்குப் போகிற பால் பைத்தான்களை கானா, டோகோ, பெனின் நாட்டுக் கிராமத்து ஆட்கள் பல பத்தாண்டுகளாகப் பிடித்து வருகிறார்கள். முட்டை சுமக்கிற பெண்ணையும், முட்டைக் குவியலையும், பொரிந்த குட்டிகளையும் தேடித்தான் அவர்கள் போகிறார்கள். மண்வெட்டியோடு போய் வளையைத் தோண்டுகிறவர் கண்ணுக்கு வளையில் இருக்கிற பாம்புதான் படும். அந்த நேரத்தில் தலைக்கு மேலே எந்தக் கிளையில் எந்த ஆண் பாம்பு கிடக்கிறது என்று அவர் அண்ணாந்து பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. அப்படிப் பிடித்து ஏற்றுமதி செய்தவர்களின் பேச்சுதான் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய், அங்கிருந்து வளர்ப்புப் புத்தகங்களில் ஏறி, நம் ஈப்போ கடைகள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

காட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். லூக்கா லூயிசெல்லி, ஃபிரான்செஸ்கோ ஆஞ்செலிச்சி என்ற இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் தென்கிழக்கு நைஜீரியாவின் மழைக்காட்டில் இந்தப் பாம்புகள் என்ன சாப்பிடுகின்றன என்று ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். 70 சென்டிமீட்டருக்குக் குறைவான சின்னப் பாம்புகளுக்குப் பெரும்பாலும் பறவைதான் சாப்பாடு. ஒரு மீட்டரைத் தாண்டியவை எலி மாதிரிப் பாலூட்டிகளைப் பிடிக்கின்றன. ஆண்கள் பறவையை அதிகம் தின்கின்றன, பெண்கள் எலியை அதிகம் தின்கின்றன. மரம் ஏறுகிற பழக்கமும் ஆண்களுக்குத்தான் கூடுதல். வளைக்குள்ளேயே கிடந்தால் பறவை எங்கிருந்து வரும்? கூட்டைத் தேடிப் போயிருக்கிறது, கிளையில் காத்திருந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பெரியப்பா சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து பால்மரம் சீவினவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரை நிரையாக நடந்தவர். தோட்டம் செம்பனையாக மாறிய பிறகு புந்தோங்கில் மகன் வீட்டோடு வந்துவிட்டார். என் வீட்டுக்கு வந்தவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, இது புத்துல கெடக்குற சாதின்னு நீதானே சொன்ன. அப்பறம் எதுக்குக் கொப்பு கட்டியிருக்க?"

"ராத்திரியானா ஏறுது பெரியப்பா."

"ஏறத்தான் செய்யும். சாவா குட்டியா இருக்கப்போ எங்க கெடக்கும்னு நெனைக்கிற? மரத்துல, பொதர்ல, கூரைச் சட்டத்துல. தரையில கெடந்தா மூசாங் தின்னுரும், பன்னி தின்னுரும், உடும்பு தின்னுரும். பெருத்துப்போச்சுன்னா தானா எறங்கி டிரேன்ல படுத்துக்கும்."

எந்த ஆய்வுக் கட்டுரையையும் படிக்காதவர் பேசிய பேச்சு அது. நைஜீரியாவில் எழுதி வைத்ததும் ஏறக்குறைய அதுதான்: சின்ன உடம்பு மேலே, பெருத்த உடம்பு கீழே. நம் சாவாவும் ஆப்பிரிக்கப் பால் பைத்தானும் ஒரே குடும்பம். அதற்காகப் பெருத்த பாம்பு ஏறவே ஏறாது என்று இல்லை: உலகத்திலேயே நீளமான பாம்பு என்று பெயர் வாங்கிய சாவா முழுசாக வளர்ந்த பிறகும் கூரை ஏறும், கோழிக்கூண்டின் மேல்சட்டத்தில் கிடக்கும். லயத்து வீட்டில் இரவில் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டால் பெரியவர்கள் டார்ச் லைட்டைத் தேடுவார்கள். எலி ஓடுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்கும், மலைப்பாம்பு நகர்கிற சத்தம் நீளமாக ஒரே இழையாகக் கேட்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரத்துப் பாம்பு என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பினாங்குக்குப் போங்கள். பாயான் லெப்பாஸ் பக்கம் சுங்கை குளுவாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய பாம்புக் கோயில் இருக்கிறது. பச்சையும் மஞ்சளுமான ஒரு விரியன் வகை, வேக்லர் விரியன் என்பார்கள், அங்கே காய்ந்த கிளைகளில் கிடக்கும். பகல் முழுக்க ஊதுபத்திப் புகையில் அசையாமல் கிடக்கிறதே, மயங்கிவிட்டதா என்று வந்தவர்கள் கேட்பார்கள். அது மயக்கம் இல்லை, அந்தப் பாம்பின் இயல்பே அதுதான். காட்டிலும் ஒரே கிளையில் நாள்கணக்கில் இரைக்காகக் காத்திருக்கும். கிளையைச் சுற்றிப் பிடிக்கிற வால் அதற்கு உண்டு. பால் பைத்தானுக்கு அந்த வசதி கிடையாது: உடம்பு உருண்டை, கனம் அதிகம், வால் குட்டை. ஆகவே அது ஏறினால் பார்த்துப் பார்த்துத்தான் ஏறும். சில சமயம் வழுக்கும். பாதியில் நின்று யோசிப்பது மாதிரித் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அது எப்படி ஏறுகிறது என்பதை ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, நடையில் எரிகிற மங்கல் வெளிச்சம் மட்டும் போதும். முதலில் ஒளிவிடத்தின் வாசலில் மூக்கு தெரியும். நாக்கு மெதுவாக வெளியே வந்து மேலும் கீழுமாக ஆடிவிட்டு உள்ளே போகும். வெகுநேரம் அவ்வளவுதான். பிறகு கழுத்து வெளியே வரும், தரையில் ஒரு சுற்று. கொப்பின் அடியை வந்து தொட்டதும் தாடையைப் பட்டையின் மேல் வைத்து அழுத்தும். கழுத்து ஒரு வளைவு வளைந்து கிளையைக் கவ்வும். அந்த வளைவை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு பின்னுடம்பை இழுக்கும். அடுத்த வளைவு. விலாப் பக்கத்துத் தசை ஒவ்வொன்றாக இறுகித் தளர்வது தோலுக்கு மேலேயே தெரியும், செதில்களுக்கு நடுவிலிருக்கிற வெள்ளைத் தோல் விரிந்து மூடும். கவட்டை வந்ததும் உடம்பை இரண்டு மடிப்பாக அதில் போட்டுவிட்டு, தலையைக் கீழே தொங்கவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். மேல் உதட்டில் இருக்கிற குழிகளால் எலியின் உடம்புச் சூட்டை இருட்டிலும் உணர்கிற பிராணி அது. மேலிருந்து கீழே பார்த்தபடி காத்திருப்பது வேட்டைக்காரனின் இருப்பு. தொட்டியில் எலி ஓடப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். அதன் உடம்பு அந்த வேலையைச் செய்ய ஆசைப்படுகிறது.

பகலில் பார்க்கிறவர்கள் இதில் எதையும் பார்க்க மாட்டார்கள். "நான் கொப்பு வைத்தேன், அது ஒரு நாளும் தொட்டதில்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, ராத்திரி பார்த்தீர்களா என்பதுதான். வீட்டுக் கேமரா ஒன்று இப்போது பசார் மாலாமில்கூட மலிவாகக் கிடைக்கிறது. தொட்டிக்கு நேராக ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். கேமரா இல்லாவிட்டாலும் தடயம் இருக்கும்: கொப்பில் பட்டை உரிந்த இடம், தேங்காய் நார்த்தூள் ஒட்டிய தடம், சில நாளில் கவட்டையில் மாட்டிக்கொண்டு தொங்குகிற சட்டை. தோலுரிக்கிற நாளில் சொரசொரப்பான பட்டையில்தான் அது மூக்கைத் தேய்த்து முதல் கிழிசலைப் போடும். அதன் பிறகு கொப்புக்கும் உடம்புக்கும் நடுவில் சட்டை உள்வெளியாகக் கழன்று வரும். கண்ணை மூடியிருக்கிற கண்ணாடித் தோலும் வால் நுனியும் முழுசாக வந்திருந்தால் தொட்டியில் ஈரப்பதம் சரி என்று அர்த்தம்.

அதற்குப் பிடிக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். பாம்பிடம் கேட்டுப் பதில் வாங்க முடியாது, முகத்தில் சிரிப்பும் வராது. ஆனால் ஒரு பிராணிக்கு இரண்டு வழி திறந்து வைத்து, அது திரும்பத் திரும்ப ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அது ஒரு பதில்தான். கீழே வசதியான ஒளிவிடம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சூடு இருக்கிறது. எந்தக் குறையும் இல்லாமல் இருந்தும் ராத்திரி கொப்புக்குப் போகிறது என்றால், ஏறுவதை அது விரும்புகிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் ஏறுவதெல்லாம் விருப்பம் இல்லை, இதைக் கவனமாகப் படியுங்கள். பகலிலும் ராத்திரியிலும் கண்ணாடி மூலையில் நிமிர்ந்து நின்றுகொண்டு, மூக்கை மூடியில் வைத்து முட்டிக்கொண்டே இருந்தால், அது தப்பிக்கப் பார்க்கிறது. மூக்கு நுனிச் செதில் தேய்ந்து சிவந்திருக்கும். தரை கொதிக்கிறதா, நார்த்தூள் ஊறிச் சேறாகிவிட்டதா, செதில் இடுக்கில் உண்ணி இருக்கிறதா, ஒளிவிடம் அதன் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். ஒளிவிடமே இல்லாத தொட்டியில் பாம்பு கிளையில் போய்க் கிடந்தால் அதைப் பார்த்து மகிழ்ச்சிப்படுவது தவறு. ஒதுங்க இடமில்லாமல் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கேட்கிற பிள்ளைகளிடம் எப்போதும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் உடம்பு நாலு பக்கமும் உரசுகிற அளவுக்கு இறுக்கமான ஒளிவிடம், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. அது அமைந்த பிறகுதான் கொப்பு.

"ரேக்கில் வைத்தாலே போதும்" என்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ரேக் என்பது அலமாரி மாதிரி அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள். நிறையப் பாம்பு வைத்து இனப்பெருக்கம் செய்கிறவர்களுக்கு அது வசதி. கழுவுவது சுலபம், இடம் மிச்சம், சூடு ஒரே சீர். புதிதாக வந்து பயந்துபோன பாம்பை, சாப்பிடாத பாம்பை, கொஞ்ச காலம் அதில் வைத்துத் தேற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆயுள் முழுக்க அதில் கிடப்பது வேறு விஷயம். ஜெர்மனியில் மியூனிக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள் பால் பைத்தான்களை ரேக்கிலும், கிளையும் மண்ணும் வைத்த கண்ணாடித் தொட்டியிலும் வைத்துக் கவனித்து 2021இல் வெளியிட்டார்கள். தொட்டியில் பாம்புகள் ஏறின, மண்ணில் புதைந்தன, சூடு காய்ந்தன. டப்பாவில் இதற்கெல்லாம் வழியே இல்லை. அர்த்தமில்லாமல் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது டப்பாவில்தான் தெரிந்தது. ரேக் இந்தப் பாம்புக்கு ஏற்ற வீடு இல்லை என்று முடிவு சொன்னார்கள்.

"சாப்பிடுது, முட்டை போடுது, வேற என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த வாக்கியத்தை அதே தொனியில் மனிதர்களைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் அது எனக்குச் சுருக்கென்று தைக்கும். உயிரோடு இருப்பதற்கு வேண்டியது ஒரு கணக்கு. உடம்பு எதற்காக அமைந்ததோ அதைச் செய்ய இடம் கிடைப்பது இன்னொரு கணக்கு. கொப்பு இல்லாவிட்டால் பால் பைத்தான் செத்துப்போகாது. ஆனால் சும்மா கிடந்து எலியை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் கொழுத்துப்போகும், தசை தளர்ந்துபோகும். வீட்டுப் பால் பைத்தான்களில் நான் பார்க்கிற பெரிய குறை அதுதான். கழுத்துக்குக் கீழே குழாய் மாதிரி ஒரே பருமனாகி, வளைந்தால் பக்கவாட்டில் மடிப்பு விழும். ஏறுகிற பாம்பைக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும், மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கிற பிடியிலேயே தெரியும்.

இனி, என்ன கொப்பு.

ரப்பர் தோட்டத்து ஆள் என்பதால் எல்லாரும் முதலில் கேட்பது, பால்மரத்துக் கிளையை வெட்டி வைக்கலாமா என்றுதான். பேராக்குக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழசு. 1877இல் ஹியூ லோ என்ற ஆங்கிலேயர் கோலாகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்றைக்கும் மரமாக அங்கே நிற்கிறது. இருந்தாலும் பச்சை ரப்பர் கிளை பாம்புத் தொட்டிக்கு ஆகாது. வெட்டின இடத்தில் பால் வடியும், ஒட்டும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும், துளைக்கிற வண்டு வரும். இருபத்தைந்து, முப்பது வருஷம் பால் கொடுத்த மரத்தை வெட்டி மேசை நாற்காலி செய்கிறவர்கள் அதனால்தான் பலகை அறுத்த கையோடு போரான் மருந்தில் ஊறவைத்து, சூளையில் காயவைக்கிறார்கள். நம் தொட்டியோ ஈரமும் சூடும் நிறைந்த இடம், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. மருந்து ஊறிய பலகையையும் பாம்புக்கு வைக்க நான் சொல்ல மாட்டேன்.

கொய்யாதான் என் தேர்வு. கெட்டியான மரம், சீக்கிரம் உளுக்காது, தானாகவே நல்ல கவட்டை கவட்டையாகப் பிரியும். மேல்பட்டை செதிலாக உரிந்துபோனாலும் உள்ளே வழவழப்பும் பிடிப்பும் சரியான அளவில் இருக்கும். என் தொட்டியில் இருப்பது பெரியப்பா வீட்டுப் பின்பக்கத்துக் கொய்யா. ரம்புத்தான், காப்பி மரக் கிளைகளும் நன்றாக உழைக்கும். மாமரம் வேண்டாம், அதன் பால் சிலருக்குத் தோலையே புண்ணாக்கும். மூங்கில் வழுக்கும். அதுதான் கிடைக்கிறது என்றால் தேங்காய்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி விடுங்கள்.

எங்கே வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். செம்பனைத் தோட்டத்து ஓரம், மருந்து அடிக்கிற சாலையோரம் வேண்டவே வேண்டாம். களைக்கொல்லியின் நாற்றம் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்தடித்த அம்மாக்களின் நகமும் கண்ணும் என்ன ஆனது என்று பார்த்திருக்கிறோம். பாராகுவாட் என்ற அந்த மருந்தை இந்த நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுசாகத் தடை செய்தார்கள். வீட்டு மரம், மருந்து படாத மரம் என்று தெரிந்தால் மட்டும் வெட்டுங்கள். தளர்ந்த பட்டையைச் சுரண்டி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, சுள்ளென்ற வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். எறும்பும் பூச்சியும் இடுக்கில் மிச்சம் இருக்கக்கூடாது.

பருமன் பாம்பின் உடம்புப் பருமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். சுண்டுவிரல் குச்சியில் இரண்டு கிலோ பாம்பு எப்படி நிற்கும்? செங்குத்தாக நிறுத்தாமல் சரிவாக, ஒரு பகுதி படுக்கையாக வரும்படி வையுங்கள். வளர்ந்த பாம்புக்கு ஒரு முழ உயரம், கூடினால் இரண்டு முழம், அதுவே தாராளம். கீழே நார்த்தூள் மெத்தென்று இருக்கட்டும், கொப்புக்கு நேர் கீழே கல்லோ கூரான மரமோ வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கொப்பு ஆடவே கூடாது. சாய்த்து வைப்பது போதாது, திருகாணி போட்டு முடுக்க வேண்டும், திருகாணி முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பாம்பு ஏறும்போது கொப்பு உருண்டால் பாம்பும் விழும், அதன் மேலேயே கொப்பும் விழும்.

நம் ஊர்ச் சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளர்ப்புக் குறிப்புகள் எல்லாம் குளிர் நாட்டில் எழுதியவை, விளக்கு, சூட்டுப் பாய் என்றுதான் தொடங்கும். ஈப்போவில் ராத்திரி 24 டிகிரி, பகலில் 33, 34. சூடான பக்கம் 31, 32, குளிர்ந்த பக்கம் 26, 27 என்று இந்தப் பாம்பு கேட்பதைச் சும்மா இருக்கிற அறையே கொடுத்துவிடும். இங்கே பயம் வேறு: தகரக் கூரை வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அறை கொதித்துவிடும். சூடு மேலே ஏறும் என்பதால் கொப்பின் உச்சிதான் தொட்டியிலேயே சூடான இடம். ஆகவே வெப்பமானியைத் தரையில் மட்டும் வைக்காமல் கொப்பு உச்சியிலும் ஒன்று வையுங்கள். ஏர்கான் அறையில் வளர்க்கிறவர்களுக்கு மட்டும் விளக்கோ பாயோ தேவைப்படும். விளக்கு வைத்தால் தெர்மோஸ்டாட் கட்டாயம், விளக்குக்குக் கம்பிக் கூண்டு கட்டாயம். தோல் வெந்துகொண்டிருக்கும்போதுகூட விலகாமல் விளக்கைக் கட்டிப் பிடித்துக் கிடக்கிற பாம்புகள் உண்டு.

ஸ்பைடர் என்ற நிறவகைப் பாம்பு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். சிலந்தி வலை மாதிரிக் கோடு ஓடுகிற அழகான பாம்பு அது, ஆனால் தலை ஆடும், சில சமயம் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். உள்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற பகுதியே கோணலாக அமைந்திருக்கிறது என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நிறத்துக்காகவே பெருக்கிய குறை. அந்தப் பாம்பும் ஏற ஆசைப்படும். அதற்குத் தரையோடு ஒட்டின அகலக் கட்டை ஒன்று போதும், உயரம் வேண்டாம். இனி அந்த வகையைப் பெருக்கி விற்காமல் இருந்தால் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மலைப்பாம்புக் குடும்பம் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. இங்கே 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 2008ஆம் ஆண்டு அருகிவரும் உயிரின வாணிபச் சட்டமும் இருக்கின்றன. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல், முதலில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றிக் கேட்டுவிட்டு, தாள் கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வளர்க்க முடியாமல் போனால் செம்பனைக் காட்டில் கொண்டுபோய் விடலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் பர்மா மலைப்பாம்பு பெருகி, அங்குள்ள முயலையும் ரக்கூனையும் அழித்தது வீட்டில் வளர்த்த பாம்புகளிலிருந்து தொடங்கியதுதான். 2017இல் அவற்றைப் பிடிக்க நம் தமிழ்நாட்டு இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். தடம் பார்த்துப் பாம்பு போன திசை சொல்கிற அவர்கள் திறமைக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பெருமை நமக்குண்டு. ஆனால் ஃபுளோரிடாவின் நிலைமை கிந்தா பள்ளத்தாக்குக்கு வர வேண்டாம்.

கடைசியாக, காலக்கணக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பால் பைத்தான் இருபது, முப்பது வருஷம் இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961இல் வந்த ஒரு பெண் பாம்பு, அறுபது வயதைத் தாண்டி, பல வருஷமாக ஆண் துணையே இல்லாமல், 2020 ஜூலையில் ஏழு முட்டை இட்டது. அவ்வளவு நீளமான வாழ்க்கையில் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். குட்டியாக இருக்கும்போது மெல்லிய கிளைகளும் இலை மறைவும் நிறையக் கொடுங்கள், பறவை பிடிக்கிற வயசு அது. வளர வளரக் கிளையைப் பருமனாக்குங்கள். முதிர்ந்து பிடி தளர்ந்ததும் கொப்பை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், இறக்கிக் கட்டினால் போதும்.